தம்பிக்குக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தால் அண்ணன் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டுமா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பிக்கு 36 வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை. மூணு நாள் பிடரி வலி, சுளுக்கு என்று நினைத்து சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தில் சொடக்கு எடுத்திருக்கிறார். அடுத்த இரண்டாம் நாள் தலைசுற்றல், நிற்காத வாந்தி, விக்கல், தொண்டை கரகரப்பு. ஸ்கேனில் பின்கழுத்து ரத்தக்குழாய் உள்ளே கிழிந்து, அதனால் மூளைத்தண்டில் சிறு பக்கவாதம் என்று வந்திருக்கிறது. டாக்டர் போகிற போக்கில் "இணைப்புத் திசுவில் பிறவிக் கோளாறு இருக்கலாம், குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பா 44 வயதில் திடீரென்று விழுந்து இறந்தவர். கேட்டவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், கல்யாணம் மாமன் மகளோடு. இது பரம்பரையா, பிள்ளைகளுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா, சலூன்காரர் மேல் தப்பா, சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று நாலு கேள்வி.

நான் நாகர்கோவில் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவன், அதற்கு முன் சில வருஷம் நரம்பியல் வார்டில் இருந்தேன். முதலில் மனசு ஆற ஒன்று சொல்லிவிடுகிறேன்: கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து வருகிறவர்கள் 100 பேரை எடுத்தால், பெயர் சொல்லக்கூடிய பரம்பரைத் திசு நோய் இருப்பது ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரைதான். மீதிப் பேருக்கு இல்லை. ஆனால் உங்கள் அப்பா 44 வயதில் போனார் என்ற ஒரு வரி இருக்கிறதே, அதை நான் லேசாகத் தாண்டிப் போக மாட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகக் கழுத்தில் நாலு குழாய்கள். முன்னால் இரண்டு கரோட்டிட், பின்னால் கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாகவே நுழைந்து ஏறுகிற வெர்டிப்ரல் இரண்டு. இந்தக் குழாய்ச் சுவர் ஒரே தோல் இல்லை, மூன்று அடுக்கு. வாழைமரத்தைக் குறுக்கே வெட்டினால் மட்டை மட்டையாகச் சுற்றியிருக்குமே, அந்த மாதிரி. உள் மட்டையில் ஒரு கீறல் விழுந்தால் ரத்தம் அதன் வழியே அடுக்குகளுக்கு நடுவில் புகுந்து உப்பும். அந்த உப்பல் குழாயை உள்பக்கமாக நெருக்கும், இல்லையென்றால் கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்த உறைவுத் துணுக்கு மேலே போய் மூளையில் அடைக்கும். உங்கள் தம்பிக்கு நடந்தது இதில் ஒன்றுதான். வாந்தி, விக்கல், குரல் கம்மல், முகத்தில் ஒரு பக்கமும் உடம்பில் எதிர்ப்பக்கமும் மரத்துப்போவது எல்லாம் சேர்ந்து வந்தால் மூளைத்தண்டின் பக்கவாட்டில் அடைப்பு என்று படுக்கை ஓரத்தில் நின்றே சொல்லிவிடலாம். 1895-லேயே வாலன்பெர்க் என்ற ஜெர்மன் டாக்டர் எழுதி வைத்த விஷயம்.

ஒட்டுமொத்தப் பக்கவாதத்தில் இந்தக் கிழிசலின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இளவயதுக்காரர்களை மட்டும் தனியாக எடுத்தால் அது 10 முதல் 25 சதவீதம் வரை போகிறது. வருகிறவர்களின் சராசரி வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். அதாவது வீட்டுக்கு உழைக்கிற ஆள். சர்க்கரை இருக்காது, கொழுப்பு இருக்காது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

முன்கழுத்துக் குழாய் கிழிந்தால் ஒரு பக்கத் தலைவலி, கழுத்து வலியோடு அதே பக்கத்து இமை லேசாகச் சரியும், கண்மணி சுருங்கும். பலர் அதைத் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுவார்கள். காதில் நாடித்துடிப்பு கேட்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு, குலசேகரம் பக்கத்து ரப்பர் வெட்டுத் தொழிலாளி, பத்து நாள் முன்னாடியே வேறொரு ஆஸ்பத்திரியில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று எழுதிக் காலர் மாட்டி அனுப்பியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் தேய்மானமும் இருந்தது, நாற்பது தாண்டிய யாருக்கு இல்லை! வலது இமை சரிந்திருந்ததை அந்த அம்மாவின் மகள்தான் கவனித்துக் கூட்டிவந்தாள். வலி தொடங்கி முதல் இரண்டு வாரத்துக்குள்தான் பெரும்பாலும் பக்கவாதம் வரும், அதனால் அந்தப் பத்து நாள் வீணான நாள்.

சரி, சலூன் விஷயம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: வலி வந்து மூணு நாள் கழித்துத்தான் தம்பி சலூனுக்குப் போயிருக்கிறார். கிழிசல் முன்பே தொடங்கி, அந்த வலியை எடுக்கத்தான் அவர் கழுத்தைக் கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கழுத்தைச் சடக்கென்று திருப்புவதற்கும் கிழிசலுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எது முதலில் வந்தது என்பதில்தான் சண்டை. எப்படியிருந்தாலும் ஏற்கெனவே கீறல் விழுந்த குழாயை முறுக்கினால் அது நல்லதுக்கில்லை. வர்ம ஆசான்மார் நிறைந்த ஊர் நம்முடையது, 108 வர்மம் என்று கணக்கு வைத்து எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று சொல்லிக்கொடுத்த மரபு. கழுத்தை விளையாட்டாகத் திருகுகிற வழக்கம் அங்கிருந்து வந்ததில்லை. அந்த முடிதிருத்துகிற தம்பியிடம் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள், இனி யார் கழுத்திலும் சொடக்கு எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்படியென்றால் ஊரில் ஆயிரம் பேர் சொடக்கு எடுக்கிறார்கள், இருமுகிறார்கள், சீலிங்குக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், பைக்கிலிருந்து விழுகிறார்கள், எல்லாருக்குமா கிழிகிறது? இங்கேதான் இணைப்புத் திசு வருகிறது.

நம்ம ஊரில் தும்பு திரித்துக் கயிறு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பைக் கட்டி வைத்திருக்கிற கொலாஜன் என்ற புரதமும் கயிறுதான், மூன்று புரி சேர்த்து முறுக்கியது. பல வகை உண்டு, ரத்தக்குழாய், குடல், கர்ப்பப்பை இந்த மூன்றையும் தாங்குவதில் மூன்றாம் வகைக் கொலாஜனுக்கு முக்கியப் பங்கு. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவுக்கு சிஓஎல்3ஏ1 என்று பெயர். எல்லாருக்கும் அது இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் மட்டும் எழுத்துப்பிழை என்று வையுங்கள். பாதிக் கயிறு நல்லதாக வரும், பாதி கெட்டதாக வரும் என்றுதானே தோன்றும்? இல்லை. கயிற்றில் மூன்று புரி. ஒவ்வொரு புரியும் நல்லதாக இருக்க வாய்ப்பு பாதி, மூன்றுமே நல்லதாக அமைய வாய்ப்பு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு கயிற்றிலும் ஒரு புரியாவது சொத்தை. ஒரு பிரதி கெட்டாலே போதும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இதிலே ஒரு வேடிக்கை, அந்தப் பிரதி பிழையாக வேலை செய்வதற்குப் பதில் சுத்தமாக வேலையே செய்யாமல் போனால் நோய் லேசாக, தாமதமாக வரும். கயிறு பாதிதான் இருக்கும், ஆனால் இருக்கிற பாதி முழுக்க நல்ல கயிறு.

இந்த நோய்தான் ரத்தக்குழாய் வகை ஏலர்ஸ்-டான்லோஸ். 1901-இல் டென்மார்க்கின் ஏலர்ஸும், 1908-இல் பிரான்ஸின் டான்லோஸும் எழுதிய நோய்க்கூட்டம், 2017-இல் அதை 13 வகையாகப் பிரித்தார்கள், அதில் ஆபத்தானது இது. ஐம்பதாயிரம் பேரில் ஒருவர் முதல் இரண்டு லட்சத்தில் ஒருவர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அரிது. ஆனால் வந்தால் சும்மா விடாது: 2000-ஆம் ஆண்டு வெளியான பெரிய ஆய்வில், குடும்பத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்கு 20 வயதுக்குள், நூற்றுக்கு எண்பது பேருக்கு 40 வயதுக்குள் ஏதாவது ஒரு பெரிய சிக்கல் வந்திருந்தது. ரத்தக்குழாய் கிழிவது, குடல் ஓட்டை விழுவது, பிரசவத்தில் கர்ப்பப்பை கிழிவது.

ஆளைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். நெஞ்சுத் தோல் கண்ணாடி மாதிரி, உள்ளே நீல நரம்பு தெரியும் (நம்ம கறுத்த தோலில் இது அவ்வளவு பளிச்சென்று தெரியாது, வெளிநாட்டுப் புத்தகப் படத்தை வைத்துக்கொண்டு தேடினால் ஏமாந்துபோவோம்). எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் கன்றிப்போகும். மூக்கு மெலிந்து, உதடு மெல்லிசாக, கண் பெரிசாக, காது மடலுக்குக் கீழே தொங்கும் சதை இல்லாமல். சின்ன வயசிலேயே கை மட்டும் கிழவியின் கை மாதிரி. இருபதுகளிலேயே காலில் சுருள் நரம்பு. ஒரு காரணமும் இல்லாமல் நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து ஆஸ்பத்திரி போன கதை. இது அத்தனையும் ஒருவருக்கு இருக்காது. எல்லா மூட்டும் வளையும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், இந்த வகையில் விரல்கள் மட்டும்தான் பெரும்பாலும் வளையும்.

இதைச் சொன்னதும் நாளைக்கே யாராவது, என் பெண் கட்டைவிரலைக் கைத்தண்டில் தொட வைக்கிறாள், குனிந்தால் உள்ளங்கை தரையில் படுகிறது, இவளுக்கும் ரத்தக்குழாய் கிழியுமா என்று கேட்பார்கள். மூட்டு நெகிழ்வு மட்டும் இருக்கிற வகைதான் ஊரில் அதிகம், அது வேறு வகை, அதற்கு இன்னும் மரபணுவே பிடிபடவில்லை, அதை வைத்துக் கழுத்துக் குழாயைப் பற்றி ராத்தூக்கம் கெட வேண்டாம்.

அடுத்து மார்பான். 1896-இல் பாரிஸில் அந்தோனி மார்பான் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார், அதிலிருந்து பெயர். ஐயாயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் என்பதால் நம் மாவட்டத்திலேயே நிறையப் பேர் இருக்க வேண்டும், பாதிப் பேருக்குப் பெயரே தெரியாது, "நெட்டைக் குடும்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். உயரம், ஒல்லி, கை இரண்டையும் விரித்தால் உயரத்தைவிட நீளம், சிலந்திக்கால் மாதிரி விரல், நெஞ்செலும்பு உள்ளே குழிந்தோ வெளியே தள்ளியோ இருக்கும், கண்ணில் லென்ஸ் இடம் மாறியிருக்கும். ஃபைப்ரில்லின் என்ற புரதத்தின் மரபணுவில் கோளாறு, 1991-இல் கண்டுபிடித்தார்கள். இதில் கழுத்துக் குழாய் தானாகக் கிழிவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்கிக் கிழிந்து, அந்தக் கிழிசல் மேலேறிக் கழுத்துக்கு வருவதுதான் வழக்கமான கதை. உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு முதலில் தோன்றியது இதுதான், ஆனால் ஆளைப் பார்க்காமல், போஸ்ட்மார்ட்டம் இல்லாமல், அது ஊகம் மட்டுமே. 44 வயதில் சாதாரண மாரடைப்பும் வரும்.

லோய்ஸ்-டீட்ஸ் என்று இன்னொன்று, 2005-இல்தான் தனி நோயாகவே பிரித்தார்கள். இதில் ரத்தக்குழாய்கள் கோதையாறு மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும், கழுத்துக் குழாய்கள் முக்கியமாக. வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு அடையாளம் உண்டு: செல்போன் டார்ச்சை அடித்து ஆ சொல்லச் சொல்லுங்கள், உள்நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கிறதா, அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் இடையே தூரம் அதிகமா என்றும். பிளந்த உள்நாக்கு நோய் இல்லாதவர்களுக்கும் இருக்கும், அதைப் பார்த்ததும் ஓலம் போட வேண்டாம்.

எலும்பு சடசடவென்று முறிகிற ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டாவிலும் எப்போதாவது கிழிசல் வரும், வெள்ளைவிழி நீலமாக இருக்கும், குடும்பத்தில் எலும்பு முறிவுக் கதை ஏராளமாக இருக்கும். ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்பதை இந்தக் கூட்டத்தில் சேர்க்கக்கூடாது, ஆனால் ஸ்கேனில் குழாய் பாசிமணி கோத்த மாதிரி தெரிந்தால் அதுதான். பெண்களுக்கு அதிகம், சிறுநீரகக் குழாயிலும் இருந்து பிரஷரைக் கூட்டும். தம்பியின் ஸ்கேனில் அது இல்லை என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள்.

இந்தப் பெயர்கள் எதுவும் இல்லாத பெரும்பான்மைக்கு என்ன காரணம்? தோலில் சிறு துண்டெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெளியே ஒரு அடையாளமும் இல்லாத நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொலாஜன் இழைகள் கோணல்மாணலாக இருந்ததை ஜெர்மனியில் ஒரு குழு காட்டியது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கிழிசல் சற்று அதிகம், சமீபத்திய சளிக்காய்ச்சலும் ஒரு தூண்டல், பிரஷரும். ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிற சாதாரண மரபணு வேறுபாடுகளே ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கின்றன, 2015-இல் பேக்டர்1 என்ற மரபணுவில் அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இதெல்லாம் சேர்ந்து ஒரு நாள் ஒரு முறுக்கல். குடும்பத்தில் இன்னொருவருக்கும் கழுத்துக் குழாய் கிழிந்திருப்பது மிகச் சிலருக்குத்தான்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்றால், இல்லை. நான் மேலே சொன்ன ஏலர்ஸ்-டான்லோஸ் ரத்தக்குழாய் வகை, மார்பான், லோய்ஸ்-டீட்ஸ் மூன்றுமே ஒரு பிரதி கெட்டாலே வருபவை. மாமன் மகளைக் கட்டினாலும் பக்கத்து ஊர்ப் பெண்ணைக் கட்டினாலும் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு அதே பாதிதான். சொந்தக் கல்யாணம் இரண்டு பிரதியும் கெட்டால் வருகிற நோய்களைத்தான் கூட்டும். தவிர இந்த ரத்தக்குழாய் வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்பா அம்மா யாருக்குமே இருக்காது, கரு உருவாகும்போது புதிதாக விழுந்த பிழை. அதனால் "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்ற ஒரே காரணத்தால் டாக்டர் கேட்பதை நிறுத்திவிடக் கூடாது, நீங்களும் உங்கள் மனைவி வீட்டைப் பார்த்து எதுவும் சொல்லிவிட வேண்டாம்.

ஜீன் டெஸ்ட்டுக்கு வருவோம். பிள்ளைகளிடம் தொடங்காதீர்கள். நோய் வந்த ஆளிடம், அதாவது தம்பியிடம்தான் முதலில் எடுக்க வேண்டும். அவருக்கு என்ன பிழை என்று தெரிந்தால்தான் உங்களிடமும் பிள்ளைகளிடமும் அந்த ஒரே எழுத்தைத் தேட முடியும், அது எளிது, பதிலும் ஆம் இல்லை என்று வரும். தெரியாமல் பிள்ளைகளுக்கு ஐம்பது மரபணுவைத் தேடச் சொன்னால் "அர்த்தம் உறுதியில்லாத மாற்றம்" என்று ஒரு காகிதம் வரும், அதை வைத்துக்கொண்டு நீங்கள் பத்து வருஷம் பயப்படுவீர்கள், வரன் பார்க்கிற காலத்தில் அது இன்னொரு தலைவலி. தம்பிக்கும் உடனே வேண்டுமா என்றால், அப்பாவின் கதையால் ஆம் என்பேன், ஆனால் அதற்கு முன்னால் காசு செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் அத்தையோ சித்தப்பாவோ இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள்: அப்பா விழுந்தபோது நெஞ்சைப் பிடித்தாரா, முதுகு கிழிகிற மாதிரி வலி என்றாரா, வயிறா. அப்பா வழியில் யாராவது பிரசவத்தில் ரத்தம் போய் இறந்தார்களா, குடல் வெடித்து ஆபரேஷன் ஆனவர் உண்டா, சின்ன வயசில் கண் ஆபரேஷன், அடிக்கடி தோள் கழன்றவர், மூச்சுத் திணறி நெஞ்சில் குழாய் போட்டவர். கல்யாண ஆல்பத்தில் அப்பாவின் கை, முகம், உயரம் பாருங்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் எந்த டாக்டரும் உங்களைச் சீக்கிரம் புரிந்துகொள்வார். கூடவே தம்பிக்கும் உங்களுக்கும் ஒரு எக்கோ, அதாவது இதய ஸ்கேன். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜிலேயே தொடங்கலாம், மேலே போக வேண்டியிருந்தால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா, மரபணு ஆலோசனைக்கு வேலூர் சிஎம்சி.

இவ்வளவு அரிதான நோயைத் தேடி என்ன பயன் என்றால், இருக்கிறது என்று தெரிந்தால் செய்கிற வைத்தியமே மாறிவிடும். ரத்தக்குழாய் வகை என்று சந்தேகம் வந்தாலே தொடையில் ஊசி போட்டுக் குழாய் விட்டுச் செய்யும் ஆஞ்சியோவைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், குழாய் பட்ட இடமே கிழியும். அதற்குப் பதில் சிடி, எம்ஆர் ஆஞ்சியோதான். செலிப்ரொலால் என்ற பிரஷர் மாத்திரை 2010-இல் வெளிவந்த 53 பேர் ஆய்வில் பெரிய சிக்கல்களை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் கையில் இருப்பது அது. கர்ப்பம் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும், ஏனென்றால் இந்த நோயில் தாய் இறப்பு நூற்றுக்கு ஐந்து பிரசவங்கள் அளவில் இருக்கிறது. இன்னொன்று, நம்ம ஊர் மெடிக்கல் ஸ்டோரில் சீட்டில்லாமலே வாங்கித் தின்கிற சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள். 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மார்பான், ஏலர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களுக்கு வேறு வழி இருந்தால் இவற்றைக் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது, பெருந்தமனி கிழியும் ஆபத்துக்காக. முடிவு தெரியும்வரை தம்பியும் அந்தப் பக்கம் போக வேண்டாம், வயிற்றுப்போக்குக்கு டாக்டரிடம் வேறு மருந்து கேளுங்கள்.

தம்பியைப் பற்றி. கிழிந்த குழாய்கள் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தாமாகவே ஆறிவிடும், அதுவரை உறைவு வராமல் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரையோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ மூன்று முதல் ஆறு மாதம். எது மேல் என்று 2015-இல் 250 பேரை வைத்துப் பார்த்தார்கள், இரண்டிலும் மறுபடி பக்கவாதம் வந்தது மிகக் குறைவு, பெரிய வித்தியாசம் காட்ட முடியவில்லை. எனவே உங்கள் டாக்டர் கொடுத்தது எதுவோ அதைத் தொடருங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு கொடுத்தார்கள் என்று மாற்றாதீர்கள். திரும்ப வருமா என்றால், 200 பேரைத் தொடர்ந்து பார்த்த 1994-ஆம் ஆண்டு ஆய்வில் முதல் மாதம் 2 சதவீதம், அப்புறம் வருஷத்துக்கு 1 சதவீதம், அதுவும் வேறொரு குழாயில். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தவர்களுக்கு இது கூடுதல். வேலைக்குப் போகலாம், ஆனால் டைல்ஸ் பெட்டியைத் தலையில் ஏற்றுவதும், அண்ணாந்து நின்று சுவரின் மேல்வரிசை ஒட்டுவதும் மூன்று மாதத்துக்கு வேறு ஆளிடம். கபடி, அடிமுறை, ஜிம்மில் மூச்சுப் பிடித்துத் தூக்குவது, மரபணு முடிவு வரும்வரை இவை எதுவும் வேண்டாம். திரும்பவும் புதிதாகக் கழுத்து வலி, இமை சரிவு, தலைசுற்றல், பேச்சுக் குழறல் வந்தால் எண்ணெய் தடவிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு.

அப்பாவைப் பற்றி அத்தை என்ன சொன்னார் என்று தெரிந்ததும் இங்கேயே எழுதுங்கள். தம்பியின் ஸ்கேன் அறிக்கையில் பெருந்தமனியின் அளவு மில்லிமீட்டரில் இருந்தால் அதையும் சேர்த்து.